செஸ் ஆட்டத்தில் பிழை எது, தவறிய வாய்ப்பு எது?

திருகோணமலையில் வலயமட்டச் செஸ் போட்டி ஒன்று முடியும் நேரத்தில் மண்டப வாசலில் நின்றால் ஏறக்குறைய ஒரே மாதிரியான பேச்சுத்தான் காதில் விழும். தோற்ற பிள்ளை, "ராணியை விட்டுட்டன், அதாலதான் போச்சு" என்று சொல்லும். வென்ற பிள்ளை, "நான் ஒரு பிழையும் விடேல்ல" என்று சொல்லும். கூட வந்தவர் ஆட்டத்தைப் போனில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை வீதம் சரியாக ஆடியிருக்கிறாய் என்று ஒரு எண்ணை வாசிப்பார். அத்தோடு அலசல் முடிந்துவிடும்.

இந்த மூன்று பேச்சிலும் ஆட்டத்தைப் பற்றிய உண்மை மிகக் குறைவு. ராணி போவதற்குப் பல நகர்த்தல்களுக்கு முன்பே ஆட்டம் கைநழுவியிருக்கலாம். வென்றவர் இரண்டு பெரிய பிழைகள் விட்டிருக்கலாம், எதிரே இருந்தவர் அவற்றைக் காணாமல் விட்டிருக்கலாம். அந்த வீத எண் இதில் எதையும் விளக்காது. நல்ல திறமையுள்ள பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் வருடக்கணக்கில் தேங்கி நிற்கிறார்கள் என்பது என் எண்ணம். அதனால் பிழை என்றால் என்ன, தவறிய வாய்ப்பு என்றால் என்ன என்பதை அடியிலிருந்து பார்ப்போம். காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்திருந்தால் போதும்.

ஸ்கோரில் வராத கட்ச்

உப்புவெளி மணலில் பின்னேரம் மென்பந்து கிரிக்கெட் நடக்கிறது. துடுப்பாட்டக்காரர் பந்தைத் தவறாகத் தூக்கி அடிக்கிறார். பந்து நேரே களத்தடுப்பாளரின் கைக்குப் போகிறது, அவர் நழுவவிடுகிறார். துடுப்பாட்டக்காரர் தொடர்ந்து ஆடி 60 ஓட்டம் எடுக்கிறார். ஸ்கோரைப் பார்த்தால் 60 ஓட்டம் மட்டும்தான் இருக்கும். ஆனால் அங்கே இரண்டு பேர் பிழை விட்டார்கள். அடித்தவர் விட்டது பிழை. பிடிக்காதவர் விட்டது தவறிய வாய்ப்பு. ஒன்று மற்றதை மூடிவிட்டதால் இரண்டுமே கண்ணுக்குத் தெரியவில்லை.

செஸ்ஸிலும் இதேதான் நடக்கிறது, இன்னும் அடிக்கடி. புதிதாக ஆடுபவர்களின் ஆட்டத்தில் ஒருவர் விடும் பிழையை மற்றவர் காணாமல் போவது மிகச் சாதாரணம். தண்டனை கிடைத்த பிழையை மட்டும் எண்ணினால் பாதி ஆட்டத்தைத்தான் பார்த்தவர் ஆவோம்.

இரண்டு சின்ன ஆயத்தங்கள்

முதலாவது, கட்டங்களின் பெயர். வெள்ளை ஆடுபவரின் இடப்பக்கத்திலிருந்து நிரல்களுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பெயர். வரிசைகளுக்கு வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். வெள்ளை ராணி முதலில் நிற்பது டி1, கறுப்பு ராணி டி8.

இரண்டாவது, காய்களின் பெறுமதி. சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, ரூக் 5, ராணி 9. ராஜாவுக்கு விலை இல்லை, அது போனால் ஆட்டமே முடிந்தது. இது அண்ணளவான கணக்குத்தான். ஆனாலும் ஒரு வெட்டுக்குத்து முடிந்தபின் யாருக்கு இலாபம் என்று பார்க்க இது போதும்.

எட்டு நகர்த்தலில் ஒரு ஆட்டம்

கார்த்திகை, மார்கழி மழையில் கடற்கரை விளையாட்டெல்லாம் நின்றுவிடும், வீட்டுக்குள் செஸ் பலகை வெளியே வரும். அப்படி ஒரு மழை நாளில் உவர்மலையில் ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா வெள்ளை, தம்பி கறுப்பு. உங்களிடம் பலகை இருந்தால் எடுத்து வைத்து ஆடிப் பாருங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் இது பாதிதான் விளங்கும்.

முதல் நகர்த்தல்: அக்கா இ4க்குச் சிப்பாயைத் தள்ளுகிறார், தம்பி இ5க்கு. இரண்டாவது: அக்காவின் குதிரை எஃப்3க்கு வந்து இ5 சிப்பாயைப் பார்க்கிறது. தம்பி டி6 சிப்பாயை வைத்து அதைக் காக்கிறான். மூன்றாவது: அக்காவின் பிஷப் சி4க்கு வருகிறது. தம்பியின் பிஷப் ஜி4க்குப் போய் அக்காவின் எஃப்3 குதிரையைக் குறிவைக்கிறது. அந்தக் குதிரைக்குப் பின்னால் டி1இல் அக்காவின் ராணி நிற்கிறது. குதிரை விலகினால் ராணி வெட்டுப்படும். ஒரு காய் இப்படிப் பின்னால் இருக்கும் பெரிய காய்க்காக அசைய முடியாமல் நிற்பதைக் கட்டு என்பார்கள். ஆங்கிலப் பெயரைப் பிடித்துப் பின் என்று சொல்வோரும் உண்டு.

நான்காவது: அக்கா மற்றக் குதிரையை சி3க்குக் கொண்டுவருகிறார். தம்பி ஜி7 சிப்பாயை ஜி6க்கு ஒரு கட்டம் தள்ளுகிறான். ஐந்தாவது: அக்கா டி3க்குச் சிப்பாயைத் தள்ளுகிறார். தம்பி குதிரையை சி6க்கு எடுக்கிறான். ஆறாவது: அக்கா திடீரென்று எஃப்3 குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறார். கட்டில் இருந்த குதிரை விலகியதால் ராணிக்கு வழி திறந்துவிட்டது. "அக்கா, உங்கட ராணி போச்சு!" என்று தம்பி பிஷப்பால் டி1இல் ராணியை வெட்டுகிறான். ஏழாவது: அக்காவின் பிஷப் எஃப்7 சிப்பாயை வெட்டிச் செக் வைக்கிறது. இ5 குதிரை அந்தப் பிஷப்பைக் காப்பதால் ராஜாவால் அதை வெட்ட முடியாது. இ7 ஒன்றுதான் ராஜாவுக்கு மிஞ்சிய கட்டம். எட்டாவது: அக்காவின் சி3 குதிரை டி5க்குப் பாய்கிறது. செக்மேட்.

இந்த முடிவுக்குப் பெயரே உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. பிலிடோர் என்ற பெரிய ஆட்டக்காரருக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர். பார்க்க அழகாக இருக்கிறது. ராணியையே கொடுத்து வென்றுவிட்டாள் என்று வீட்டில் எல்லாரும் மெச்சுவார்கள்.

சரி, இப்போது அலசுவோம்.

நான்காவது நகர்த்தலில் நடந்தது

தம்பி ஜி6 ஆடியபோது அவனுடைய ஜி4 பிஷப்புக்குக் காவல் இல்லை. அப்போதே, ஐந்தாவது நகர்த்தலிலேயே, அக்கா குதிரையால் இ5ஐ வெட்டியிருந்தால் என்ன ஆகும்?

தம்பி ராணியை வெட்டினால் அதே செக்மேட் ஒரு நகர்த்தல் முன்னதாக வந்துவிடும். ராணியை விட்டுவிட்டு டி6 சிப்பாயால் குதிரையை வெட்டினால், அக்காவின் ராணி டி1இலிருந்து நேரே ஜி4க்குப் போய்க் காவலில்லாத பிஷப்பை எடுத்துவிடும். கணக்குப் போடுங்கள்: அக்கா கொடுத்தது குதிரை, 3. எடுத்தது சிப்பாயும் பிஷப்பும், 4. ஒரு சிப்பாய் இலாபம். பிஷப் விலகி ஓடினாலும் வெட்டிய சிப்பாய் அக்காவுக்கு மிச்சம். தம்பி எப்படிப் போனாலும் நட்டம்.

ஆக, ஜி6 ஒரு பிழை. பார்க்க ஒரு அப்பாவிச் சிப்பாய் நகர்த்தல், எந்தக் காயும் உடனே போகவில்லை, ஆனாலும் பிழை. அந்த இடத்தில் ஜி8 குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்திருந்தால் ஜி4 பிஷப்புக்குக் காவல் வந்திருக்கும். அக்காவின் தந்திரமும் பலித்திருக்காது.

அக்கா அதற்கு ஆடியது டி3. அதுவும் பார்க்க ஒழுங்கான நகர்த்தல். ஆனால் தம்பி தந்த சந்தர்ப்பம் அங்கே பலகையில் இருந்தது, அக்கா அதை எடுக்கவில்லை. இதுதான் தவறிய வாய்ப்பு. எதிராளி பிழை விட்ட அடுத்த கணமே அதைக் காணாமல் விடுவது.

ஆறாவது நகர்த்தலில் நடந்தது

அக்கா ஆறாவது நகர்த்தலில் ஆடியதும் அதே வெட்டுத்தான். ஆனால் இடையில் ஒன்று மாறிவிட்டது. தம்பியின் குதிரை இப்போது சி6இல் நிற்கிறது. அந்தக் குதிரை இ5ஐப் பார்க்கிறது. தம்பி ராணியைத் தொடாமல் சி6 குதிரையால் இ5இல் வெட்டியிருந்தால், அக்காவின் ராணியால் ஜி4 பிஷப்பை எடுக்க முடியாது. எடுத்தால் இ5இல் வந்து நிற்கும் குதிரை ஜி4இல் ராணியை வெட்டும். அக்கா கொடுத்தது 3, எடுத்தது 1. இரண்டு நட்டம், செக்மேட்டும் இல்லை. ஆனால் தம்பி டி6 சிப்பாயால் வெட்டியிருந்தால் அக்கா தப்பியிருப்பார், ராணி ஜி4க்குப் போயிருக்கும். எந்தக் காயால் வெட்டுவது என்பதில்கூட ஆட்டம் மாறுகிறது.

ஐந்தாவது நகர்த்தலில் மிகச் சிறந்த நகர்த்தலாக இருந்தது, ஆறாவதில் பிழையாகிவிட்டது. அக்கா வென்றது உண்மை. அந்த நகர்த்தல் பிழை என்பதும் உண்மை. தம்பி ராணியைப் பார்த்தான், வேறு எதையும் பார்க்கவில்லை. அவன் ராணியை வெட்டியது ஒரே நேரத்தில் தவறிய வாய்ப்பாகவும் அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பிழையாகவும் ஆனது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். எட்டு நகர்த்தலில் நான்கு பிழைகள், ஆளுக்கு இரண்டு. கடைசிப் பிழை யாருடையதோ அவர் தோற்றார். ஒரு நகர்த்தலின் தரமும் ஆட்டத்தின் முடிவும் வேறு வேறு.

எஞ்சின் இதை எப்படி அளக்கிறது?

செஸ் ஆடும் கணினி நிரலைத்தான் எஞ்சின் என்கிறோம். 1997இல் டீப் ப்ளூ என்ற எஞ்சின் அப்போதைய உலகச் சம்பியன் காஸ்பரோவை ஒரு போட்டித் தொடரில் வென்றபோது அதற்கென்றே செய்த பெரிய கணினி வேண்டியிருந்தது. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச எஞ்சின் சாதாரணப் போனிலேயே ஓடுகிறது. லீசெஸ் என்ற செஸ் இணையத்தளத்தில் ஆட்டத்தை ஏற்றினால் அலசித் தருவதும் அதுதான்.

அது செய்யும் வேலையின் அடிப்படை எளிது. "நான் இப்படி ஆடினால் அவர் எப்படி ஆடுவார், அதற்கு நான் எப்படி ஆடுவேன்" என்று கிளை கிளையாக விரித்துப் பார்க்கிறது. முதல் நகர்த்தலுக்கு வெள்ளைக்கு 20 வழிகள், கறுப்புக்கு 20 வழிகள். இருவரும் ஒவ்வொரு தடவை ஆடி முடிய 400 நிலைகள் வந்துவிடும். அதற்குமேல் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகும், அதனால் பயனற்ற கிளைகளை எஞ்சின் வெட்டிவிட்டுப் போகும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் நிற்கும் நிலைக்கு ஒரு மதிப்பெண் போடும். சிப்பாய்தான் அந்த மதிப்பெண்ணின் அலகு. +1 என்றால் வெள்ளைக்கு ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு நல்ல நிலை, −2 என்றால் கறுப்புக்கு இரண்டு சிப்பாய் அளவு நல்ல நிலை. காய்க் கணக்கு மட்டும் இல்லை, ராஜாவின் பாதுகாப்பு, காய்களுக்கு இருக்கும் இடவசதி எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கும்.

முக்கியமான விஷயம் இதுதான்: எஞ்சின் இரண்டு பக்கமும் மிகச் சிறந்த நகர்த்தலையே ஆடும் என்று எடுத்துக்கொள்கிறது. தம்பி ராணியை வெட்டிவிடுவான் என்று அது நம்பாது. அவன் குதிரையால் வெட்டுவான் என்றுதான் கணக்குப் போடும். அக்காவின் ஆறாவது நகர்த்தலுக்கு அது பிழை என்று கேள்விக்குறி போடுவது அதனால்தான்.

நகர்த்தலுக்கு முன் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த மதிப்பு ஒன்று இருக்கிறது. நீங்கள் ஆடியபின் மிஞ்சிய மதிப்பு ஒன்று இருக்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் பிழையின் அளவு. தவறிய வாய்ப்புக்கும் இதே கழித்தல்தான். எதிராளியின் பிழையால் உங்கள் மதிப்பு ஏறியிருக்கும், நீங்கள் ஆடியதும் மறுபடி இறங்கிவிடும். வரைபடத்தில் பார்த்தால் ஒரு கூர்மையான மேடு, உடனே ஒரு சரிவு. அந்த மேடுகளைத் தேடிப் பாருங்கள். புதியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது.

எஞ்சின் சொல்லாதவை

இந்த எண்களை அப்படியே நம்பிப் பிள்ளையைத் திட்டுவது பெரிய அநியாயம். ஒருவர் +10இல் இருந்து +7க்கு இறங்கினால் மூன்று சிப்பாய் அளவு போனதாக எண் காட்டும், ஆனால் ஆட்டம் இன்னும் அவர் கையில்தான். சமநிலையிலிருந்து −3க்கு இறங்கினால் அதே மூன்றுதான் போனது, ஆட்டமே போய்விட்டது. 0.3, 0.4 போன்ற சின்ன இறக்கங்களைப் புதியவர் முழுக்க மறந்துவிடலாம். இரண்டு சிப்பாய்க்கு மேல் இறங்கிய இடங்களை மட்டும் பார்த்தாலே ஒரு ஆட்டத்துக்குப் போதிய வேலை இருக்கும்.

வீத எண்ணும் அப்படியே. எதிராளி தொடக்கத்திலேயே ராணியைத் தொலைத்துவிட்டால் மிச்ச நகர்த்தல்கள் சுலபம், வீதம் உயரும். கடினமான, சிக்கலான ஆட்டத்தில் நன்றாகப் போராடியவருக்குக் குறைந்த வீதம் வரலாம். இரண்டு பிள்ளைகளை அந்த எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, எஞ்சினுக்குக் காரணம் தெரியாது. அக்கா ஐந்தாவது நகர்த்தலில் இ5ஐ ஏன் வெட்டவில்லை? கட்டில் இருக்கும் குதிரை அசையவே கூடாது என்று நினைத்திருக்கலாம். பிறகு ஆறாவதில் ஏன் வெட்டினார்? செக்மேட்டை அப்போதுதான் கண்டிருக்கலாம், கண்ட சந்தோஷத்தில் சி6 குதிரையைப் பார்க்காமல் விட்டிருக்கலாம். தம்பி ஏன் ராணியை எடுத்தான்? ஒன்பது பெறுமதியான காய் இலவசமாகக் கிடைத்தால் யாருக்குக் கை நீளாது! இந்தக் காரணங்களை ஆடியவர் மட்டும்தான் சொல்ல முடியும். காரணம் தெரியாத பிழை அடுத்த ஆட்டத்திலும் வரும்.

சுருக்கமாக: எந்த இடத்தில் எவ்வளவு போனது என்பதை எஞ்சின் சொல்லும். ஏன் போனது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உலகச் சம்பியன்களுக்கும் இதே கதை

2014இல் ரஷ்யாவின் சோச்சியில் உலகச் சம்பியன் போட்டி. நோர்வேயின் கார்ல்சனும் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்தும் ஆடினார்கள். ஆறாவது ஆட்டத்தின் 26ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை டி2க்கு நகர்த்தினார். பெரும் பிழை. ஆனந்த் தன் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருந்தால் இரண்டு சிப்பாய் இலாபத்தோடு ஆட்டம் அவர் பக்கம் திரும்பியிருக்கும். அவர் ஏ நிரல் சிப்பாயைத் தள்ளினார். வாய்ப்பு அந்த ஒரு நகர்த்தலோடு மூடிவிட்டது. அந்த ஆட்டத்தில் வென்ற கார்ல்சன், போட்டியையும் 6.5–4.5 என்று வென்றார்.

பத்து வருடம் கழித்து 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். மறுபடி உலகச் சம்பியன் போட்டி, கடைசியான 14ஆவது ஆட்டம். அமைதியாகச் சமநிலைக்குப் போய்க்கொண்டிருந்த நிலையில் சீனாவின் டிங் லிரென் ரூக்கை எஃப்2க்கு நகர்த்தினார். சென்னையின் குகேஷ் அந்தப் பிழையைக் கண்டார். ரூக்குகளை மாற்றிக்கொண்டு, பிஷப்புகளையும் மாற்றும்படி செய்து, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் முடிவுக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனார். அந்த முடிவில் வெற்றி அவருடையது. 18 வயதில் உலகச் சம்பியன்.

ஆனந்த் எத்தனையோ நூறு தடவை இதைவிடக் கடினமானவற்றைக் கண்டவர். கார்ல்சன் அப்படி ஒரு பிழை விடுவார் என்ற எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் வாய்ப்பு வந்தது, அவ்வளவுதான். எதிராளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவர் கை காயை விட்டதும் "இந்த நகர்த்தலால் எதற்குக் காவல் போனது?" என்று கேட்பதை ஒரு பழக்கமாக்க வேண்டும்.

வீட்டில் எப்படி அலசுவது?

நீண்ட நேர ஆட்டங்களில் நகர்த்தல்களை எழுதுவது விதி. அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். எழுதும்போது முக்கியமான இடங்களில் கடிகாரத்தில் மிஞ்சியிருந்த நேரத்தையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். பத்து விநாடியில் ஆடிய பிழைக்கும் பத்து நிமிடம் யோசித்து ஆடிய பிழைக்கும் மருந்து வேறு.

ஆட்டம் முடிந்ததும் எதிராளி சம்மதித்தால் அவரோடு உட்கார்ந்து ஒருதடவை திரும்ப ஆடிப் பாருங்கள். "இந்த இடத்தில நீங்கள் இதை வெட்டுவீங்கள் எண்டு பயந்தனான்" என்று அவர் சொல்லும் ஒரு வரி எந்த எஞ்சினிலும் கிடைக்காது. அப்புறம் மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ திரும்பும் பஸ்ஸில், போனைத் திறக்காமல், தாளைப் பார்த்து மூன்று இடங்களைக் குறியுங்கள்: எங்கே ஆட்டம் மாறியதாக நினைக்கிறீர்கள், எங்கே குழம்பினீர்கள், எங்கே எதிராளி பிழை விட்டதாகப் பட்டது. ஒவ்வொன்றிலும் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று ஒரு வரி.

அதற்குப் பிறகுதான் எஞ்சின். நீங்கள் குறித்த இடங்களும் அது காட்டும் இடங்களும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். நீங்கள் கவனிக்கவே இல்லாத ஒரு மேடு அங்கே இருந்தால், எஞ்சின் காட்டும் நகர்த்தலை உடனே பார்க்காமல், பலகையில் நிலையை வைத்து நீங்களே தேடுங்கள். செக் வைக்க முடியுமா, எதையாவது வெட்ட முடியுமா, எதையாவது மிரட்ட முடியுமா என்று அந்த ஒழுங்கில் பாருங்கள். லெகாலின் தந்திரம் போன்றவை பெரும்பாலும் இந்த மூன்று கேள்விக்குள் பிடிபட்டுவிடும். கண்டபின் எதிராளியின் மிகச் சிறந்த பதிலையும் தேடுங்கள், அக்கா சி6 குதிரையைத் தேடாமல் விட்டதுபோல் ஆகாமல்.

இதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நகர்த்தல் எண், என்ன ஆடினேன், என்ன இருந்தது, ஏன் காணவில்லை என்று நான்கு நிரல் போதும். வென்ற ஆட்டங்களையும் கட்டாயம் எழுத வேண்டும், நாம் திரும்பிப் பார்க்காத பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். சில ஆட்டங்கள் சேர்ந்ததும் நான்காவது நிரலை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். "கட்டில் இருந்த காய் அசையாது என்று நினைத்தேன்" என்பது அடிக்கடி வந்தால், அடுத்த கிழமை முழுக்கக் கட்டு சம்பந்தமான புதிர்களை மட்டும் போடுங்கள். "நேரம் போய்விட்டது" என்பது அடிக்கடி வந்தால் புதிர் போட்டுப் பலனில்லை. தொடக்கத்தில் எங்கே நிமிடங்களைச் செலவழித்தீர்கள் என்று தாளின் ஓரத்தில் குறித்த நேரங்களைப் போய்ப் பாருங்கள்.